கீரைப் பாத்தியைப் பிடுங்கிவிட்டு கொரியன் புல் போட்டார்கள்: தோட்டம் எதற்கு என்று யார் முடிவு செய்தது?

மொட்டைமாடி · சனி, காலை 9.10

மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள பிளாட் எங்களுடையது. சம்ப் பக்கத்துச் சுவரோரம் ஆறடி நீளத்துக்கு ஒரு துண்டு மண் கிடந்தது. கட்டடம் கட்டியவர் விட்டுப்போன ஜல்லியும் உடைந்த டைல்ஸும்தான் அதில் நிறைய. வாட்ச்மேனின் மனைவி ஒரு வருஷமாக அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, அரைக்கீரையும் முளைக்கீரையும் விதைத்திருந்தார். மூலையில் ஒரு முருங்கைப் போத்து. கை கழுவும் குழாயிலிருந்து வழிகிற தண்ணீரை நாலு செங்கல் வைத்துத் திருப்பிவிட்டிருந்தார். தனியாக ஒரு குடம் தண்ணீர்கூட அதற்குச் செலவில்லை.

போன வாரம் அசோசியேஷன் கூடி, 'என்ட்ரன்ஸ் லுக் கெடுகிறது' என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு கொரியன் புல் விரித்துவிட்டார்கள். முருங்கை அப்போதுதான் துளிர்விட்டிருந்தது. மீட்டிங்கில் நானும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

பார்ப்பதற்கு மட்டும் இருந்தால் தோட்டம், பறித்துச் சமைத்தால் அசிங்கம். இந்த எண்ணம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் வாழை, கறிவேப்பிலை, நார்த்தை, ஒரு துளசி மாடம். புல் முளைத்தால் பிடுங்கி மாட்டுக்குப் போடுவார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்தரை · சனி, காலை 9.41

நானும் ஒரு அசோசியேஷன் செயலாளர்தான், வேறு ஏரியா. திட்டுவதற்கு முன் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பொது இடத்தில் ஒருவர் கீரை போட்டால் அடுத்த வாரம் இன்னொருவர் தக்காளி என்பார். அப்புறம் 'என் பாத்தி, உன் பாத்தி' என்று சண்டை. எலி வரும். புல்லில் குழந்தைகள் விளையாடலாம், வயதானவர்கள் செருப்பில்லாமல் நடக்கலாம். எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரனை இழுக்க வேண்டாம். அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமா?

லஸ்_முனை · சனி, காலை 11.25

வெள்ளைக்காரனை இழுக்காமல் இதைப் பேச முடியாது சார், மன்னிக்கவும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்குள்தான் அடைந்து கிடந்தார்கள். வெளியே தோட்டம் வைப்பதில் ஆபத்தும் இருந்தது. 1767ல் சின்னப் பையனாக இருந்த திப்புவின் குதிரைப்படை சென்னைப் புறநகர்த் தோட்ட வீடுகள் வரை வந்து சூறையாடிவிட்டுப் போனது. மைசூர்ப் போர்களின் பயம் விலக விலக, பணம் சேர்த்த அதிகாரிகளும் வியாபாரிகளும் சவுல்ட்ரி பிளெய்ன் என்று அவர்கள் அழைத்த வெட்டவெளியில், அதாவது இன்றைய அண்ணா சாலையின் இருபுறமும், நுங்கம்பாக்கம், எழும்பூர், அடையாறு பக்கமும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். போயஸ் தோட்டம், பைகிராப்ட்ஸ் கார்டன் எல்லாம் அந்த மிச்சம்தான். பெயரில் மட்டும் தோட்டம் நிற்கிறது, செடி போய்விட்டது.

நம் வீட்டில் செடி இருக்கும் இடம் பின்பக்கம். புழக்கடை என்ற பெயரே சொல்கிறதே, புழங்குகிற இடம். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், பாத்திரம் தேய்த்த தண்ணீர் சேம்புக்குப் போகும். கொல்லைக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சமையல், குளியல், கழிவு, மாடு, கீரை எல்லாம் ஒரே இடம். தெருவைப் பார்த்து இருப்பது திண்ணை. அங்கே ஆள் உட்காருவான், செடிக்கு வேலையில்லை.

தோட்ட வீடு இதை அப்படியே திருப்பிப் போட்டது. வீடு நடுவில், செடி முன்னால். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை வண்டி போகிற பாதை, இருபக்கமும் புல். 'என்னிடம் இத்தனை ஏக்கர் இருக்கிறது, அதில் ஒரு கத்திரிக்காய்கூட நான் போட வேண்டிய அவசியமில்லை' என்பதை வருகிறவனுக்குக் காட்டுகிற ஏற்பாடு அது. காய்கறித் தோட்டமும் இருக்கும், சமையற்கட்டுக்கும் வேலைக்காரர் குடியிருப்புக்கும் பக்கத்தில், கண்ணுக்குப் படாமல். காம்பவுண்டு என்று நாம் சொல்கிற வார்த்தையையே மலாய் மொழியின் கம்போங்கிலிருந்து வந்தது என்பார்கள். உங்கள் அசோசியேஷன் 'என்ட்ரன்ஸ் லுக்' என்று சொன்னபோது பேசியது அந்த போர்ட்டிகோதான் அம்மா.

சீமைக்கருவேலம் · சனி, பகல் 12.08

ஐயா சொன்னதோடு ஒரு சின்னச் செய்தி. இங்கிலாந்திலேயே இந்தச் சண்டை பழசு. 1649 ஏப்ரலில் லண்டனுக்குத் தென்மேற்கே செயின்ட் ஜார்ஜ் குன்றில் நிலமில்லாத கொஞ்சம் பேர் போய்ப் பொது நிலத்தைக் கொத்தி பார்ஸ்னிப், கேரட், பீன்ஸ் போட்டார்கள். டிக்கர்கள் என்று பெயர், கொத்துகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பூமி எல்லாருக்கும் பொது' என்பதுதான் அவர்கள் வாதம். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஆள் வைத்து அடித்து, பயிரைப் பிடுங்கி விரட்டினார்கள். நம்ம ஊர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அப்போது வயது பத்துக்கும் கீழே. அங்கே பொது நிலத்தை வேலி போட்டுப் பிடுங்கின அதே காலத்தில்தான் இங்கே வேலி போட வந்திருக்கிறார்கள்.

ஆக வாட்ச்மேன் வீட்டு அம்மா மடிப்பாக்கத்து டிக்கர். புல்தரை சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. தமிழ்நாட்டு அரசியலில் 'தோட்டம்' என்றால் யாருக்காவது செடி ஞாபகம் வருமா? ராமாவரம் தோட்டம், போயஸ் தோட்டம். 'தோட்டத்திலிருந்து போன் வந்தது' என்றால் மந்திரிக்கே வியர்த்த காலம் உண்டு. அங்கே ரோஜா இருந்ததா குரோட்டன்ஸ் இருந்ததா என்று எந்த நிருபரும் எழுதவில்லை.

கோகோபீட் · சனி, மாலை 4.30

நான் மண்ணைக் கிளறுகிறவன், சரித்திரம் அதிகம் தெரியாது. ஆனால் ஒரு பூச்சிக் கதை இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு திருப்போரூர் பக்கம் ஒரு வேலியோரம் வண்டியை நிறுத்தினேன். சப்பாத்திக்கள்ளி மேல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. செம்பருத்தியில் வருமே மாவுப்பூச்சி, அது மாதிரி. பழக்க தோஷத்தில் ஒரு குச்சியால் சுரண்டி நகத்தில் வைத்து நசுக்கினேன். ரத்தம்! என் விரலை அறுத்துக்கொண்டேனோ என்று பார்த்தால் இல்லை, பூச்சிதான். குங்குமத்தைவிடக் கருஞ்சிவப்பு. சட்டையில் துடைத்தேன், அந்தக் கறை இன்னும் போகவில்லை, வீட்டில் திட்டு.

அதைத் தேடிப் போய்ப் படித்ததில்தான் ஜேம்ஸ் ஆண்டர்சன் கதை கிடைத்தது. கம்பெனியின் பெரிய டாக்டர். நுங்கம்பாக்கத்தில் அவருக்குத் தோட்டம். 1786ல் சென்னைக் கடற்கரைப் புல்லில் ஏதோ ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு, 'கொச்சினீல் கிடைத்துவிட்டது' என்று லண்டனுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். கொச்சினீல்தான் அந்தச் சிவப்புச் சாயம். மெக்சிகோவில் கள்ளிச்செடி மேல் வளர்வது, ஸ்பெயின்காரன் கையில் மட்டும் இருந்தது. இங்கிலீஷ் ராணுவ அதிகாரிகளின் கோட்டுக்கு அந்தச் சிவப்புதான் வேண்டும். அதனால் கம்பெனி, சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டது! நம்ம சைதாப்பேட்டை! ஆண்டர்சனின் மருமகன்தான் அதைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து ஊர் ஊராகக் கள்ளி கொடுத்தனுப்பினார்கள். கப்பல்காரர்களுக்கு ஸ்கர்வி வராமல் இருக்கக் கள்ளியைச் சாப்பிடலாம் என்றும் ஆண்டர்சன் சொல்லிப் பார்த்தார்.

கடைசியில் 1795ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலில் கப்பல் நின்றபோது பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தது நல்ல சாதி இல்லை, காட்டுச் சாதி. சாயம் மட்டம். ஆனால் பசி ஜாஸ்தி. ஒருவகைக் கள்ளியைத் தென்னிந்தியா முழுக்கத் தின்று தீர்த்தது. பிறகு இன்னொரு வகைக் கள்ளி காடு காடாகப் பரவியபோது, 1926ல் இலங்கையிலிருந்து அதற்கான பூச்சியை வேண்டுமென்றே வரவழைத்து அழித்தார்கள். நான் நசுக்கியது அந்த வம்சமாகத்தான் இருக்கும்.

ஒரு சாம்ராஜ்யத்தின் கோட்டுக்குச் சாயம் போட சைதாப்பேட்டையில் தோட்டம் போட்டார்கள், மிச்சம் என் சட்டையில் ஒரு கறை.

மொட்டைமாடி · சனி, மாலை 5.02

பேச்சை மாற்றவில்லை, ஆனாலும் செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள்?

கோகோபீட் · சனி, மாலை 5.15

வேப்பெண்ணெய் அஞ்சு மில்லி, கொஞ்சம் காதி சோப் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். சாயங்காலம் அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் முக்கியம். எறும்பை முதலில் விரட்டுங்கள், மாவுப்பூச்சிக்கு அதுதான் பாடிகார்டு.

நந்தவனம் · சனி, இரவு 8.20

திருவல்லிக்கேணியிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரிலேயே அல்லி. புரசை மரத்தால் புரசைவாக்கம். இந்த ஊருக்குச் செடி தெரியாமல் இல்லை.

எல்லாரும் கொல்லையையும் பங்களாவையும் மட்டும் பேசுகிறீர்கள். பறித்துச் சமைக்காத, அழகுக்கும் வைக்காத மூன்றாவது ஒன்று நம்மிடம் இருந்தது. நந்தவனம். பெருமாளுக்கு. பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் பாடினவர்கள் மட்டும் அல்ல, மண்வெட்டி பிடித்தவர்கள். சோழர் கல்வெட்டுகளைப் பார்த்தால் நந்தவனத்துக்கு நிலம், அதில் வேலை செய்கிறவனுக்கு நெல், துணிக்குக் காசு என்று கணக்காக எழுதி வைத்திருப்பார்கள். கல்லிலே சம்பளப் பட்டியல்!

அனந்தாழ்வான் கதை தெரியுமோ? ராமானுஜர் சொல்லித் திருமலையில் நந்தவனம் போடப் போனவர். ஏரி வெட்டுகிறார். நிறைமாதக் கர்ப்பிணி மனைவி கூடை மண் சுமக்கிறாள். ஒரு பையன் வந்து 'நான் சுமக்கிறேன்' என்கிறான். 'இது எங்கள் கைங்கர்யம், நீ தலையிடாதே' என்று இவர் கடப்பாறையை எறிய, பையன் மோவாயில் பட்டு ரத்தம். கர்ப்பக்கிருகத்தில் பார்த்தால் பெருமாள் மோவாயில் ரத்தம். இன்றைக்கும் அங்கே பச்சைக்கற்பூரம் வைப்பது அதனால்தான் என்பார்கள். அந்தக் கடப்பாறை மகாத்துவாரத்து வாசலில் தொங்குகிறது, அண்ணாந்து பார்த்தால் தெரியும். சின்ன வயதில் கேட்டபோது பெருமாளை நினைத்துக் கண்ணீர் விட்டேன். இப்போது அந்த மனைவியைத்தான் நினைக்கிறேன். பக்தி அவருடையது, கூடை இவளுடையது.

சீமைக்கருவேலம் · சனி, இரவு 8.47

மாமி, அருமை. ஆனால் கோயிலுக்குப் போகிற பூவிலும் பாதி சீமைதானே? துலுக்கச் சாமந்தி மெக்சிகோ. நிலச்சம்பங்கியும் மெக்சிகோ. சம்பங்கி மாலை இல்லாமல் இப்போது கல்யாணம் உண்டா, கோயில் உண்டா?

நந்தவனம் · சனி, இரவு 9.05

உண்மைதான் குழந்தே. துலுக்கச் சாமந்தி என்று பெயர் வைத்ததே வெளியே இருந்து வந்தது என்று காட்டத்தான். துருக்கன் கொண்டு வரவில்லை, போர்ச்சுகீசியக் கப்பலில் வந்தது. நம் ஆள்களுக்கு வெளியார் என்றால் துருக்கன். பெருமாள் பாஸ்போர்ட் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டார். கீரைக்காரியைத்தான் இங்கே கேட்கிறார்கள்.

காசிமேட்டான் · சனி, இரவு 10.30

சவுத் மெட்ராஸ்காரங்க பங்களா தோட்டத்தைப் பேசிட்டீங்க. வடக்கே வாங்க.

எங்களுக்குத் தோட்டம்னா பார்க். பார்க் டவுன் என்ற பெயர் எதனால் வந்தது? சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. கவர்னர் டிரெவெல்யன் போட்டது, 1859-60 வாக்கில். கறுப்பர் நகரத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த ஜனங்களுக்கு மூச்சுவிட ஒரு இடம் என்று. அந்த மனுஷன் பதவியில் இருந்ததே கொஞ்ச காலம்தான். புதிய வருமான வரியை எதிர்த்துக் கல்கத்தாவில் இருந்த மேலிட அரசாங்கத்தோடு வெளிப்படையாக மோதினார், திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பார்க் மட்டும் நின்றது. உள்ளே குளம், பேண்டு வாசிக்கும் மேடை, மிருகக்காட்சி சாலை. எங்க தாத்தா காலத்தில் அதற்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரெண்டு காலேஜையும் பார்க்காமல் ரயில் ஏற மாட்டார்கள். 1886 டிசம்பர் 31ல் அங்கே நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், அதையும் சொல்லணும்.

சரி, அந்த 116 ஏக்கர் என்ன ஆச்சு? ஒரு ஓரத்தில் விக்டோரியா ஹால். ஒரு ஓரத்தில் மூர் மார்க்கெட். 1913ல் ரிப்பன் மாளிகை, அதாவது மாநகராட்சியே பார்க் நிலத்தில் உட்கார்ந்தது. அப்புறம் ஸ்டேடியம். மிருகங்கள் 1985ல் வண்டலூருக்குப் போச்சு. ஜனங்களுக்கு என்று கொடுத்த தோட்டத்தை ஜனங்களுக்காகவே என்று சொல்லிச் சொல்லித் தின்று முடித்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். அதுதான் வேடிக்கை.

அடுத்தது சிந்தாதிரிப்பேட்டை. 1734க்கு முன்னால் கூவம் வளைவில் அது சுங்குராம செட்டி என்ற துபாஷியின், அதாவது கம்பெனிக்கு மொழிபெயர்ப்பும் வியாபாரமும் பார்த்துக்கொடுத்த தரகரின் தோட்டம். கம்பெனிக்குத் துணி வேணும், நெசவாளரைக் குடிவைக்க இடம் வேணும். தோட்டத்தை எடுத்துத் தறிக்காரர்களுக்குப் பேட்டை கட்டினார்கள். சின்னத் தறிப் பேட்டை. பிறகு அங்கே கவர்னர் நேப்பியர் பெயரில் பூங்கா வந்தது. இன்றைக்கு அது மே தினப் பூங்கா, உள்ளே தொழிலாளர் நினைவுச் சின்னம். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923ல் சிங்காரவேலர் கொண்டாடியது இந்த ஊர்க் கடற்கரையில்தானே. துபாஷி, தறிக்காரர், கவர்னர், தொழிலாளி என்று ஒரே மண்ணில் நாலு பேர்.

கடைசியா எங்க ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 17, பெரியாருடைய பிறந்தநாள், கொட்டுகிற மழை. அன்றைக்குத்தான் அண்ணா அங்கே திமுகவைத் தொடங்கினார். ஒரு வெள்ளைக்கார கவர்னர் பெயரில் இருந்த பூங்காவில். இப்போது அது அறிஞர் அண்ணா பூங்கா. 18 வருஷத்தில் கட்சி ஆட்சிக்கே வந்துவிட்டது. பார்க் என்றால் வாக்கிங் என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கணும். மண்டபத்துக்கு வாடகை கொடுக்க வக்கில்லாதவனுக்குப் பூங்காதான் மண்டபம்.

லஸ்_முனை · ஞாயிறு, காலை 7.50

காசிமேட்டார் எழுதியதைக் காப்பியோடு படித்தேன். தி. நகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாம்பலத்தில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920களில் அதை வற்றவைத்து தியாகராய நகரை உருவாக்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சிக் காலம். நகருக்குத் தியாகராயர் பெயர், நடுவில் உள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், இன்னொரு பூங்காவுக்கு நடேச முதலியார் பெயர், சாலைக்கு டி.எம். நாயர் பெயர். கட்சியின் வரலாற்றையே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். நல்லி கடைக்கு எதிரே பார்க்கிங் தேடிச் சுற்றுகிறவர்களுக்கு இது தெரியாது.

நந்தவனம் அம்மாவுக்கு ஒரு முடிச்சு. இந்து அறநிலையச் சட்டத்தை 1925ல் கொண்டுவந்தது அதே பனகல் அரசர் அரசாங்கம். கோயில் நிலத்தின் வரவு செலவை வாரியம் மேற்பார்வையிடும் என்று வந்ததில் நந்தவன நிலமும் அடக்கம். ஒரே ஆள், ஒரு பக்கம் பொதுப் பூங்காவில் பெயர், மறுபக்கம் கோயில் தோட்டத்தின் கணக்குப் புத்தகம்.

புல்தரை · ஞாயிறு, காலை 8.15

எல்லாம் சரி. ஆனால் பூங்காவிலும் புல்தானே போடுகிறார்கள்? மே தினப் பூங்காவில் கீரையா போட்டிருக்கிறார்கள்?

சூளைமேடு_78 · ஞாயிறு, காலை 10.40

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

என் அப்பா தோட்டக்காரர். நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய வீடு, பெயர் வேண்டாம். முப்பத்தொரு வருஷம் வேலை. வீட்டுக்காரம்மாவுக்கு மலர்க் கண்காட்சி என்றால் உயிர். குளிர்காலப் பூக்களுக்கு விதை பாக்கெட்டில் வரும். அக்டோபரில் நாற்று விடவேண்டும். அதே நேரத்தில்தான் நம் ஊரில் மழை. ராத்திரி இடி இடித்தால் அப்பா எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அறுபது மண்தொட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கி போர்ட்டிகோவுக்குள் வைத்துவிட்டு விடியற்காலையில் வருவார். வெயில் வந்ததும் திரும்பத் தூக்கி வெளியே வைக்கவேண்டும். பெட்டூனியா, ஆஸ்டர், டேலியா. ஆன்ட்டிரைனத்துக்கு அப்பா வைத்த பெயர் நாய்ப்பூ, பக்கத்தில் பிடித்து அழுத்தினால் வாய் திறக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த நாற்று எந்த நிறம் பூக்கும் என்று தண்டைப் பார்த்துச் சொல்வார்.

மூன்று முறை கோப்பை வாங்கியது அந்த வீடு. ஒரு போட்டோ இருக்கிறது. நடுவில் அம்மா கோப்பையோடு, சுற்றி விருந்தாளிகள். ஓரத்தில் ஒரு தொட்டி, அதைப் பிடித்திருக்கும் இரண்டு கை. ஆள் இல்லை, கை மட்டும். அது அப்பாவின் கை. நகம் எப்போதும் கறுப்பாக இருக்கும், கல்யாணத்துக்குப் போகும்போது எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்ப்பார்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை, என் பள்ளிக்கூடப் பீஸ் ஒரு வருஷம் கட்டினார். அதையும் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் ஒற்றை அறை. வாசலில் டால்டா டின்னில் அப்பா ஒரு குரோட்டன்ஸ் வைத்திருந்தார், வெட்டிப் போட்ட குச்சியைக் கொண்டுவந்து நட்டது. பக்கத்து டின்னில் அம்மா புதினா. எது தோட்டம் என்று இரண்டு பேருக்கும் சண்டை நடக்கும். அம்மா சொல்வது, 'உன்னுது பாக்கறதுக்கு, என்னுது திங்கறதுக்கு, ஊருக்குப் போறப்ப எதைத் தூக்கிக்கினு போவ?'

நந்தவனம் · ஞாயிறு, காலை 11.02

தம்பி, அந்தக் கைக்கு என் நமஸ்காரம்.

காசிமேட்டான் · ஞாயிறு, காலை 11.10

அண்ணே, அந்த போட்டோவை பிரேம் போட்டு வையுங்க.

லஸ்_முனை · ஞாயிறு, பகல் 3.30

சூளைமேட்டார் மலர்க் கண்காட்சி பற்றிச் சொன்னதால் இது. அந்த உலகத்தின் தாய்வீடு கதீட்ரல் சாலையில் இருந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கம். 1835ல் ஆரம்பித்தது, ராபர்ட் வைட் என்ற கம்பெனி டாக்டர் முன்னின்றார். பெயரில் முதலில் வேளாண்மை, பிறகுதான் தோட்டக்கலை. பயிர் விருத்தி, புதுச் செடிகளைப் பழக்குவது என்றெல்லாம் கிளம்பி, நாளடைவில் கனவான்களின் குரோட்டன்ஸாக ஒடுங்கியது என்று நான் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் 1962ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. காரில் உட்கார்ந்தபடியே தோசை. எங்கள் தலைமுறைக்கு அது கோயில். நிலம் யாருடையது என்று அரசுக்கும் சங்கத்துக்கும் வருஷக்கணக்கில் வழக்கு. ஓட்டல் 2008ல் மூடியது, 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தது. எதிர்ப்பக்கம் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. அதற்கு ஒரு மாதம் முன்பு கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகை நிலத்துக்கும் அரசு சீல் வைத்தது, 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவிப்பு. குதிரையும் குரோட்டன்ஸும் இருந்த இடம் பொதுமக்களுக்கு என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் டிக்கெட் வாங்கி, பையைச் சோதிக்கக் கொடுத்து, 'புல்லில் மிதிக்காதீர்' பலகையைப் படித்துவிட்டு உள்ளே போனால், போர்ட்டிகோ கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலத்தான் தோன்றுகிறது.

சீமைக்கருவேலம் · ஞாயிறு, மாலை 6.20

ஐயா கொஞ்சம் கடுமை. சூளையில் ஒற்றை அறையில் இருக்கிற பையனும் பொண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இந்த ஊரில் பார்க்கை விட்டால் பீச்தான். அதனால்தான் காலையில் வாக்கிங், பகலில் பூட்டு, சாயங்காலம் விசில். பூட்டுக்குக் காரணம் செடி அல்ல.

மொட்டைமாடி · ஞாயிறு, மாலை 6.45

2019 ஜூன் யாருக்காவது நினைவிருக்கிறதா? நாலு ஏரியும் காய்ந்து, லாரிக்குக் குடத்தோடு நின்றோம். அப்போதும் எங்கள் முன்னாள் செயலாளர், புல்லுக்கு வாரம் இரண்டு முறை டேங்கர் தண்ணீர் விடவேண்டும் என்று மீட்டிங்கில் பேசினார். அந்தப் புல் செத்தது. கீரை போட்ட அம்மா அதே இடத்தைத்தான் அப்புறம் எடுத்துக் கொத்தினார். இப்போது திரும்பப் புல்.

புல்தரை · ஞாயிறு, இரவு 9.30

ஒப்புக்கொள்கிறேன், தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எங்கள் பிளாட்டில் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை விட்டுப் பார்த்தோம், மண் உப்பு பூத்துவிட்டது. ஆனாலும் பொது இடத்தை ஒருவருக்கே விடுவது தவறு என்பதில் நான் மாறவில்லை. கீரை வேண்டுமென்றால் 24 வீட்டுக்கும் பொதுவாகப் போடுங்கள், வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கொடுங்கள், பறிப்பதைப் பங்கு போடுங்கள். இதைக் கல்வெட்டில் சோழனே எழுதி வைத்தான் என்று மாமி சொன்னாரே.

காசிமேட்டான் · ஞாயிறு, இரவு 9.41

செயலாளரே தோழர் ஆயிட்டார்!

மொட்டைமாடி · மூன்று வாரம் கழித்து, வியாழன், காலை 8.05

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். புல்தரை சார் சொன்ன யோசனையைக் குழுவில் வைத்தேன். 24 வீட்டில் ஏழு பேர் சரி என்றார்கள், நாலு பேர் வேண்டாம் என்றார்கள், மீதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாததால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இதற்கிடையில் இரண்டு நல்ல மழை. கொரியன் புல் நடுவிலே முளைக்கீரை கிளம்பிவிட்டது! போன போகத்தில் கொட்டின விதை மண்ணில் கிடந்திருக்கும் போல. முதலில் ஒன்றிரண்டு, இப்போது வரப்பு மாதிரி வரிசையாக. அசோசியேஷன் 'களை' எடுக்க ஆள் தேடியது. தோட்டக் கான்ட்ராக்டர் ஒரு நாளைக்கு 900 ரூபாய் கேட்டதால், வாட்ச்மேன் மனைவியிடமே 300 ரூபாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் அவர் களை எடுத்தார். வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒரே அளவாக அடுக்கி வாழைநாரில் கட்டினார். ஏழு கட்டு. மூன்றை எனக்குக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், 'களைதானே மேடம்' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கோகோபீட் அண்ணா, தண்டு லேசாகச் சிவந்திருக்கிறது. இது முளைக்கீரையேதானா, தண்டுக்கீரையா?

கோகோபீட் · வியாழன், காலை 8.20

முற்றவிட்டால் தண்டுக்கீரை, இப்போதே பறித்தால் முளைக்கீரை. பூண்டு கொஞ்சம் அதிகமாகத் தட்டிப்போட்டுக் கடையுங்கள்.